டெல்சி வீட்டு வியாழக்கிழமை

பல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் ஊதல் பிரிஸ்பேனுக்கு விமானம் ஏறினான். மே மாதம். சர்க்கரைவள்ளிக் கிழங்கெல்லாம் தோண்டி முடிந்து, கொட்டகையில் சாக்கு விரித்துப் பரப்பியிருந்த சமயம். கீழ்த்தாடையில் ரெண்டு பல் ஆடுகிறது என்று அவன் சில வாரங்களாகவே கன்னத்தைத் தடவிக்கொண்டு திரிந்தான்.

"இங்கயே காட்டினா ஆகாதா?" என்று டெல்சி கேட்டாள்.

"அங்க புதுசா மெஷின் எல்லாம் வந்திருக்காம். வலியே தெரியாதாம்" என்றான்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நடுக்கடலில் கிடக்கும் நார்ஃபோக் தீவிலிருந்து பல்லுக்கும் கண்ணுக்கும் முட்டிக்கும் ஆட்கள் கடல் தாண்டிப் போய் வருவது வழக்கம்தான். அதனால் டெல்சி அதற்கு மேல் கேட்கவில்லை. அவனுடைய நல்ல சட்டைகளை மடித்து வைத்தாள். பல்லைப் பிடுங்கிவிட்டால் கடித்துத் தின்ன முடியாதே என்று கொய்யா ஜெல்லி ஒரு பாட்டிலைத் துண்டில் சுருட்டிப் பெட்டிக்குள் செருகினாள். விமான நிலையத்துக்கு அவள் போகவில்லை. அன்று பட்டாணிக்குக் குச்சி நட வேண்டியிருந்தது.

அவன் பெயர் லெஸ்டர். அது சர்ச்சுப் பதிவில் இருக்கும். தீவின் டெலிபோன் புத்தகத்தில்கூட அவன் 'ஊதல்'தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே வாய் ஓயாது என்பதால் வந்த பட்டம். அவன் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் தலையாட்டத்தான் முடியும். டெல்சிக்குப் பட்டம் எதுவும் கிடையாது. 'ஊதலோட டெல்சி' என்பார்கள், அவ்வளவுதான். அவள் பேசுவது குறைவு. சின்ன வயதில் அப்பாவோடு பீன்ஸ் விதை பொறுக்கப் போனவள். பிறகு அம்மாவோடு கொய்யா காய்ச்சினாள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் சரிந்து போகும் நிலத்தைப் பாத்தி பாத்தியாகத் திருத்தினாள். கடைசிப் பாத்திக்கு அப்பால் பைன் மரங்கள், அதற்கும் அப்பால் கடல். அந்தத் தீவில் கப்பல் கொண்டுவந்து இறக்கும் சாமான்களை நம்பி யாரும் காய்கறி சமைப்பதில்லை. நட்டால் உண்டு, நடாவிட்டால் அரிசியும் டப்பா மீனும்தான்.

அந்த வீட்டுக்கு வாரம் ஒரு பஸ் வரும். வியாழக்கிழமை சாயங்காலம் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மூன்று வீடுகளுக்குக் கூட்டிப் போவார்கள். முதல் வீட்டில் சூப். நடு வீடு டெல்சியுடையது, அங்கே சோறும் கறியும் கிழங்கும் மீனும். மூன்றாவது வீட்டில் இனிப்பு. எல்லாம் அந்தந்த வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததும் வீட்டு அடுப்பில் வெந்ததும்தான். டெல்சி வாழைக்காயைத் துருவி உருட்டித் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் மடாவுக்கென்றே மறுபடி மறுபடி வருகிறவர்கள் இருந்தார்கள். அவள் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். வந்தவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவது, மேஜையின் தலைமாட்டில் நின்று கதை சொல்லிச் சிரிக்க வைப்பது எல்லாம் ஊதலின் வேலை.

"எங்க தீவுல ரோட்டுல மாடு வந்துச்சுன்னா, மாட்டுக்குத்தான் முதல் வழி. அடுத்து எங்க அக்கா பெர்லுக்கு. அப்புறம்தான் மத்த ஜனங்க" என்பான். சிரிப்பு அடங்கியதும் பூசணிக்காய்க் கதை வரும். "கல்யாணமான புதுசுல இவ ஒரு நாள் பூசணிக்காய் செஞ்சா. நல்லாருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டேங்க. முப்பத்தாறு வருஷமா அதுக்குத் தண்டனை அனுபவிக்கிறேன்!"

அந்த ஏப்ரல் கடைசியில் மெரடித் என்று ஒருத்தி வந்திருந்தாள். பிரிஸ்பேன்காரி, புருஷன் இல்லாதவள், கழுத்தில் பச்சைத் துப்பட்டா. பூசணிக்காய்க் கதைக்குக் கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். அடுத்த வியாழக்கிழமையும் தனியாகச் சீட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். சமையலறை வாசலில் நின்று மடாவுக்குச் செய்முறை கேட்டாள். டெல்சி சொல்லிக் கொடுத்ததோடு, மறுபடி ஒரு கரண்டி வைத்தும் கொடுத்தாள்.

ஊதல் போய் மூன்றாவது வாரம் போன் வந்தது.

"டெல்சி, நான் கொஞ்ச நாள் இங்கயே இருக்கலாம்னு பாக்கறேன்."

"பல்லு?"

"பல்லு பாத்தாச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். மெரடித்துன்னு ஒருத்தங்க வந்தாங்கல்ல, ஞாபகம் இருக்கா? அவங்க வீட்டுலதான் இருக்கேன்."

"ஓ" என்றாள் டெல்சி.

"நீ ஏதாவது திட்டணும்னா திட்டு."

டெல்சி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பள்ளத்துக் காட்டுக்கோழிகள் நாலைந்து வேலிக்குள் புகுந்து பட்டாணிப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்தன. "கோழி வந்துருச்சு, வெச்சிடறேன்" என்று சொல்லி போனை வைத்தாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடி விரட்டினாள். கிளறிப் போட்ட மண்ணைக் கையால் அணைத்துவிட்டாள். வேர் தெரிந்த செடிகளுக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அங்கேயே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இனி அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பட்டாணிக்குப் பக்கத்தில் கேரட் களை மண்டிக் கிடந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைப் பிடுங்கத் தொடங்கினாள்.

தீவுக்கு அது புதுச் செய்தி அல்ல. பச்சைத் துப்பட்டாவும் ஊதலும் ஒன்றாக விமானம் ஏறிப் போனதை, நிலையத்து வேலியில் நின்று கையசைத்தவர்கள் எல்லாருமே பார்த்திருந்தார்கள். டெல்சிக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்த மறுநாளிலிருந்தே அவள் வீட்டுக்குச் சாப்பாடு வரத் தொடங்கியது. மீன் வந்தது, கேக் வந்தது, கறி அடைத்துச் சுட்ட பை வந்தது. தோட்டத்தில் பீன்ஸ் தொங்கும் வீட்டுக்கு யாரோ பீன்ஸ்கூடக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். டெல்சி எல்லாருக்கும் நன்றி சொன்னாள், பாத்திரங்களைக் கழுவி, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாதென்று எலுமிச்சையோ கிழங்கோ போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வந்தவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் அழுதாலும் ஏசினாலும் அதற்கேற்ற பேச்சு அவர்களிடம் தயாராக இருந்தது. அவளோ கொசு வலை எங்கே கிடைக்கிறது, கத்தரி நாற்றுக்குப் போட வேண்டும் என்று விசாரித்தாள்.

பெர்ல் அக்காதான் பொறுக்க மாட்டாமல் வந்தாள். ஊதலுக்கு மூத்தவள், கனத்த உடம்பு, கார்க் கதவைச் சாத்தும் சத்தத்திலேயே கோபம் தெரியும்.

"ஏய் டெல்சி, உனக்கு என்னதான் ஆச்சு? என் கூடப் பொறந்த நாய் அது. நானே வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டிட்டேன். நீ கேரட்டுக்குக் களை எடுத்துக்கிட்டு இருக்கியாம்!"

"களை இருந்துச்சுக்கா."

"ஒரு தட்டையாவது தூக்கிப் போட்டு உடையேன்டி."

"வியாழக்கிழமை பஸ் வரும். தட்டு வேணும்."

பெர்ல் தலையில் அடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். டெல்சி டீ போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளாகவே சொன்னாள். "பல்லு பிடுங்க ஊசி போடுவாங்கல்லக்கா. அப்புறம் கன்னத்தைத் தொட்டா யாரோ கன்னம் மாதிரி இருக்கும்ல? எனக்கு எல்லாமே அப்பிடித்தான் இருக்கு."

பெர்ல் டீயை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "நல்லா இருக்குடி கதை. பல்லு பாக்கப் போனது அவன். மரத்துப் போனது உனக்கா?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே கண் கலங்கிவிட்டது. டெல்சி எழுந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள்.

பஸ் ஓட்டும் கிப், ஊதல் போனதிலிருந்து சுற்றுலாக்காரர்களை வேறு வீட்டுக்குக் கூட்டிப் போனவன், புதன்கிழமை வந்து வாசலிலேயே நின்றான். நாற்பது வயது ஆள், கல் மாதிரி இருப்பான், ஆனால் அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தான்.

"அத்தை, நாளைக்கும் வேற வீடே ஏற்பாடு பண்ணிக்கட்டுமா?"

"எதுக்கு? பீன்ஸ் முத்திட்டுப் போகுது."

"சமைக்கறது சரி அத்தை. பேசறது யாரு?"

"நான்தான்."

கிப் தொப்பியைப் பார்த்தான். டெல்சி அத்தை சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசி அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் ஏப்ரனோடு வந்து மேஜையின் தலைமாட்டில் நின்றாள். பேசுவதற்கென்று அவளுக்குச் சொந்தமாக எதுவும் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் சமையலறைக்குள் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்ததையே சொன்னாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி.

"எங்க தீவுல ரோட்டுல மாடு வந்தா மாட்டுக்குத்தான் முதல் வழி. அடுத்தது என் நாத்தனார் பெர்லுக்கு. அப்புறம் மத்தவங்க." நிறுத்திவிட்டு, அடுத்ததை யோசித்தாள். "கல்யாணமான புதுசுல நான் பூசணிக்காய் செஞ்சேன். என் வீட்டுக்காரர் நல்லாருக்குன்னு சொல்லிட்டார். அதனால முப்பத்தாறு வருஷமா தண்டனை அனுபவிச்சார். இப்ப விடுதலை ஆயிட்டார்."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. அது நடந்ததுதான் என்பதால் சொன்னாள். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மெல்போர்னிலிருந்து வந்த கிழவர் ஒருவருக்குப் புரையேறி, அவர் மனைவி முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. டெல்சி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"மாமா சொல்றப்பகூட இவ்வளவு சிரிச்சதில்ல அத்தை" என்று கிப் போகும்போது காதருகே சொன்னான்.

"மீனு மிஞ்சிருக்கு, எடுத்துட்டுப் போ" என்றாள் அவள்.

ஜூன், ஜூலைக் குளிர்காலம் அப்படியே போயிற்று. விடிந்ததும் அவள் கத்தியும் கூடையுமாக இறங்குவாள். கீரையைக் கிள்ளினால் துளிர்த்தது. எலுமிச்சை பழுத்தது. பழுத்ததைப் பறிக்காவிட்டால் விழுந்து அழுகும் என்பதால் பறித்தாள். பறித்ததை ஊறுகாயாகவும் ஜாமாகவும் போட்டாள். அலமாரி நிறைந்த பிறகு வாசல் கேட்டில் ஒரு பெட்டி வைத்து, வேண்டுகிறவர்கள் எடுத்துப் போகட்டும் என்று விட்டாள். சந்தோஷமா என்றால் இல்லை. துக்கமும் இல்லை. வெந்நீரில் கை பட்டால் சுட்டது, அது தெரிந்தது. மற்றது எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஆக்லாந்திலிருந்து மகள் போன் செய்து, அழுகையினூடே, "அம்மா, நீ இங்க வந்துடும்மா" என்றாள். "ஜாம் பார்சல் வந்துச்சா? மூடி கசியலியே?" என்று டெல்சி கேட்டாள். அந்தப் பக்கம் அழுகை இன்னும் பெரிதாயிற்று. என்ன தப்பாகச் சொன்னோம் என்று டெல்சிக்கு விளங்கவில்லை.

ஊதலைப் பற்றிய செய்தி பெர்ல் மூலம் அவ்வப்போது வந்தது. கேட்காமலேயே பெர்ல் சொல்லுவாள். மெரடித்தின் வீடு ஏழாவது மாடியாம். பால்கனியில் ஒரு தொட்டியில் தக்காளி வைத்திருக்கிறானாம், காற்றுக்குப் பூவெல்லாம் உதிர்கிறதாம். அவள் சமைப்பதில்லையாம், எல்லாம் அட்டைப் பெட்டியில் வருமாம்.

"அங்க அவனை லெஸ்டர்னு கூப்பிடறாளாம்டி" என்றாள் பெர்ல். "கதை சொல்ல ஆரம்பிச்சா, 'லெஸ்டர், அது சொன்னீங்களே'ங்கறாளாம். எத்தனை நாளைக்குத்தான் ஒரு பொம்பளை மாட்டுக்கு முதல் வழின்னு கேட்டுக்கிட்டு இருப்பா?"

டெல்சி கிழங்கைத் துருவிக்கொண்டே, "தொட்டிக்குத் தினம் தண்ணி விடணும். அவன் மறந்துருவான்" என்றாள்.

நவம்பர் கடைசியில், நன்றி ஆராதனைக்கு முந்தின நாள், அவன் திரும்பி வந்தான். விமான நிலையத்தில் வேலியோரம் நின்றவர்கள் அவன் பெட்டியோடு இறங்கி வருவதையும், வெயிலில் கண்ணைச் சுருக்கி யாரையோ தேடுவதையும் பார்த்தார்கள். டெல்சி வரவில்லை. பெர்ல் வந்திருந்தாள். "ஏறித் தொலை" என்று காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள். தன் வீட்டில் அவனுக்குத் துணி துவைக்கும் அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தாள். "என் வீட்டுல வேற ரூம் இருக்கு. ஆனா உனக்கு இது போதும்" என்று சொன்னாளாம்.

நன்றி ஆராதனைக்கு எல்லாரும் தோட்டத்தில் விளைந்ததில் நல்லதாகக் கொண்டுவருவார்கள். சர்ச்சுக்குள் வரிசை வரிசையாகப் பெஞ்சுகளில் சோளத்தட்டை கட்டியிருக்கும். பீடத்தைச் சுற்றிப் பூசணியும் கிழங்கும் வாழைக்குலையும் குவிந்திருக்கும். பாட்டு முடிந்ததும் அத்தனையும் வெளியே மேஜைகளில் வைத்து விற்பார்கள். காசு சர்ச்சுக்குப் போகும். அந்த வருஷம் நடு மேஜையில் விற்பனைக்கு நின்றவள் டெல்சி.

ஊதல் வரிசையில் வந்து நின்றான். அவனுக்கு முன்னால் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள், ஆனால் தூரமாகப் போகவில்லை. ஒருத்தி வாங்கின எலுமிச்சையை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொருத்தர் இல்லாத செருப்பு வாரை மாட்டினார். ஊதல் மெலிந்திருந்தான். சட்டை டெல்சி மடித்து வைத்ததில் ஒன்று, காலர் நைந்திருந்தது.

"டெல்சி" என்றான்.

"என்ன வேணும்?"

அவன் மேஜையைப் பார்த்தான். "பூசணி... பாதி கிடைக்குமா?"

"பாதியா குடுக்கறதில்ல."

"அப்ப முழுசாவே குடு."

அவள் ஒன்றைத் தூக்கித் தட்டிப் பார்த்து, நல்லதாகவே எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைக் குழந்தையைப் போல் இடுப்பில் இடுக்கிக்கொண்டான், நகரவில்லை. எலுமிச்சைக்காரி முகர்வதை நிறுத்திவிட்டாள்.

"வீட்டுக்கு வரட்டுமா டெல்சி?"

டெல்சி தனக்குள் தேடிப் பார்த்தாள். வா என்று சொல்லவும் வராதே என்று சொல்லவும் உள்ளே எதுவும் இல்லை. அடுத்த ஆள் பின்னால் காத்திருந்தார். "நாளைக்கு வியாழக்கிழமை" என்றாள். "பஸ் வரும். கிப்புகிட்ட பேர் குடுத்துட்டு வா."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தர அவளிடம் இருந்தது அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் தீவின் மறுகோடிவரை அது போய்ச் சேர்ந்து, பெரிய பதிலடியாக ஆகிவிட்டது. சிலர் டெல்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் ஏன் என்று புரியாமல் குலுக்கக் கொடுத்தாள்.

மறுநாள் பஸ் ஏறும்போது கிப் கதவிலேயே நின்றானாம்.

"மாமா, சீட்டு?"

"டேய், உள்ளூர்க்காரனுக்கு என்னடா சீட்டு?"

"அத்தை வீட்டுக்கு உள்ளூர்க்காரனா வர்றீங்களா, வெளியூர்க்காரனாவா? அதை முதல்ல சொல்லுங்க."

ஊதல் காசைக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான்.

அவன் டெல்சி வீட்டு நீள மேஜையின் மூலையில், அடிலெய்டிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு நடுவில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தான். டெல்சி எல்லாருக்கும் பரிமாறின மாதிரியே அவனுக்கும் பரிமாறினாள். மடா, மீன், பச்சைப் பீன்ஸ், துருவிச் சுட்ட கிழங்கு. பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்று பேச ஆரம்பித்தாள். மாடு வந்தது. பெர்ல் வந்தாள். பூசணிக்காய் வந்தது. "இப்ப விடுதலை ஆயிட்டார்" என்றதும் வழக்கம்போல் மேஜை குலுங்கியது. ஊதல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஜையின் தலைமாட்டுப் பக்கம் இருந்த ஒரு பெண், "அது சரி, உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கம்மா?" என்று கேட்டாள்.

யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. பொய் ஒன்றை யோசித்துச் சொல்வதற்கு டெல்சிக்கு அலுப்பாக இருந்தது.

"அந்த மூலைல உக்காந்திருக்கார், பாருங்க. சீட்டு வாங்கிட்டு வந்திருக்கார்."

அத்தனை தலைகளும் திரும்பின. அப்புறம் எழுந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த வேடிக்கைக்குத் தன் பக்கத்து ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, அடிலெய்டுக்காரர் ஊதலின் முதுகில் ஓங்கித் தட்டினார். "மாட்டினீங்களா சார்!" என்றார். அவர் மனைவி, "பாவம், முகம் செவந்துருச்சு" என்றாள். இத்தனை வருஷமாக இந்த மேஜையில் எந்தப் பேச்சுக்கும் பதில் பேச்சு வைத்திருந்தவன் வாயைத் திறந்தான், மூடினான். வாசல் நிலையில் சாய்ந்திருந்த கிப் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தான்.

டெல்சி ஊதலைப் பார்த்தாள். இப்போதாவது ஏதாவது தோன்றும் என்று நினைத்தாள். சாவியைத் தேடுகிறவள் ஒவ்வொரு பையாகத் தடவுவதுபோல உள்ளே தடவிப் பார்த்தாள். வஞ்சம் தீர்ந்த சந்தோஷமும் இல்லை, ஐயோ என்றும் இல்லை. அவன் தட்டில் பீன்ஸ் தீர்ந்திருந்தது. போய் இன்னொரு கரண்டி வைத்தாள்.

சாப்பிட்டு முடிந்து எல்லாரும் ஏறப் போனபோது அவன் பின்தங்கித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினான்.

"விடு. இனிப்பு வீட்டுக்கு நேரமாச்சு" என்றாள் டெல்சி.

"டெல்சி, நான் வந்து..."

"தேங்காய் வெச்சு பை சுட்டிருக்காங்களாம். ஆறிடும்."

கிப் ஹாரன் அடித்தான். ஊதல் போனான்.

திங்கட்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்தபோது, கீழ்ச் சரிவில் யாரோ மண்வெட்டியால் கொத்தும் சத்தம் கேட்டது. ஊதல்தான். சர்க்கரைவள்ளிக் கொடி நடப் பாத்தி எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் அவள் ஒருத்தியால் முடியாமல் அந்தப் பக்கம் தரிசாகக் கிடந்தது. டெல்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

"அந்தக் கோடில மேடு பத்தாது. மழை வந்தா தண்ணி நிக்கும்."

"சரி" என்று அவன் மண்ணை இன்னும் அணைத்தான்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். பத்து மணி வாக்கில் டெல்சி தண்ணீர்த் தொட்டி மேடையில் ஒரு கோப்பை டீயும் ரெண்டு ரொட்டியும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் அங்கேயே நின்று குடித்துவிட்டு, கோப்பையைக் குழாயில் கழுவிக் கவிழ்ப்பான். வீட்டுப் படி ஏறமாட்டான், அவளும் ஏறச் சொல்லவில்லை. மத்தியானம் பெர்ல் வீட்டுக்குப் போய்விடுவான். முதல் சில மாதம் தீவில் அதைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் வேறு யாருக்கோ வேறு ஏதோ நடந்தது. அதைப் பேசப் போய்விட்டார்கள்.

அடுத்த வருஷம் குளிரில் டெல்சிக்குத் தொண்டை கட்டிப் போய், குரல் எழும்பவில்லை. கிப் தயங்கித் தயங்கி, "அத்தை, பேசறதுக்கு மட்டும் மாமாவை..." என்றான். டெல்சி சரியென்று தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து மேஜைப் பேச்சு மறுபடி ஊதலிடம் போயிற்று. பஸ்ஸிலேயே வருவான், பேசுவான், பஸ்ஸிலேயே போவான். மாட்டைச் சொல்வான், பெர்லைச் சொல்வான். பூசணிக்காயை அவன் சொல்வதில்லை. முன்போல் சிரிப்பும் வருவதில்லை. டெல்சி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்பாள். குரல் தொண்டைக்குத் திரும்பி வந்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. நிற்பது காலுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இதுக்கு என்னடி பேரு?" என்று பெர்ல் ஒரு நாள் கேட்டாள். "அவனை மன்னிச்சுட்டியா?"

"இல்லக்கா."

"அப்ப கோவமா?"

டெல்சி அவரைக்காய் நார் உரிப்பதை நிறுத்தி, நிஜமாகவே யோசித்தாள். "கோவமும் இல்லக்கா. இருந்தா சொல்ல மாட்டேனா?"

"அப்புறம் என்னதான்?"

"கிழங்குப் பாத்தி நல்லா எடுக்கறான்" என்றாள் டெல்சி. "அது முன்னாடியும் நல்லாத்தான் எடுப்பான்."

பெர்ல் பெருமூச்சு விட்டாள். "துவைக்கற ரூம்லருந்து உள் ரூமுக்கு மாத்திட்டேன்டி அவனை. குளிர்ல இருமறான். உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

"எனக்கென்னக்கா. உங்க தம்பி."

மூன்றாவது வருஷம் புதுவருஷம் கழிந்து அடித்த பெருங்காற்றில் சோளம் மொத்தமும் படுத்துவிட்டது. கதிர் பால் பிடித்திருந்த நேரம். காற்று ஓய்ந்ததும் ஊதல் ஓடி வந்தான். அவன் தட்டைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிடித்தான், அவள் குச்சி ஊன்றிக் கட்டினாள். ஈர மண்ணில் முழங்கால்வரை சேறு. ஒரு முடிச்சில் கயிறு சிக்கி இருவர் கையும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. அவன் அவசரமாக விடுவித்துக்கொண்டு, "உன் கை சில்லுன்னு இருக்கு டெல்சி" என்றான்.

"அப்படியா?" அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. "எனக்குத் தெரியல."

"போய் அடுப்புகிட்ட கொஞ்சம் காட்டிட்டு வா. நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"இந்த வரிசை முடியட்டும்."

பாதி வரிசைதான் நிமிர்ந்தது. மீதித் தட்டைகள் அடியோடு ஒடிந்திருந்தன. அவற்றில் இருந்த இளங்கதிர்களைப் பறித்துக் கூடையில் சேர்த்தார்கள். டெல்சி உள்ளே போய், கதிர்களை உதிர்த்துத் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு பானை கொதிக்க வைத்தாள். இறக்கியதும் பாதியை வேறொரு பாத்திரத்தில் மாற்றி, துணி சுற்றிப் படியில் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்காவுக்கும் குடு. உனக்கும் இருக்கு."

அவன் சேற்றுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பாத்திரத்தை எடுத்தான். சூடு தாங்காமல் கைமாற்றினான். "பாத்திரத்தை நாளைக்குக் காலையில கொண்டாந்துடறேன்."

"அவசரமில்ல" என்றாள் டெல்சி.

அவன் சரிவில் இறங்கிப் பாதைக்குப் போகும்வரை அவள் நிற்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மீதிக் கதிர்களுக்கு உலை வைத்தாள். தண்ணீர் கொதிக்கும் வரை அடுப்புக்கு மேலே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள்.